பட்டியலில் ஒன்பதாவது

நீதிபதி அழகியநம்பியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது இதே கண் மருத்துவமனையில், இதே நாற்காலி வரிசையில், போன வருடம் ஆவணி மாதம். பார்த்தேன் என்று சொல்வதுகூட முழுக்கச் சரியில்லை. இரண்டு பேருக்கும் கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள். கண்மணி விரியும்வரை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சிஸ்டர் வந்து இமையைத் தூக்கி இன்னொரு சொட்டு விடுவாள். இப்போதும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன். முதல் சொட்டு விழுந்துவிட்டது, எரிகிறது, மருந்து தொண்டைவரை இறங்கிக் கசக்கிறது. அன்றைக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்து ஒருவர், "சிஸ்டர், இது எத்தனை நாள் தண்டனை, மேல்முறையீடு உண்டா?" என்று கேட்டார். அந்தக் குரலை நான் வாழ்க்கையில் ஒரே ஒரு காலைப்பொழுதுதான் கேட்டிருக்கிறேன். பதினேழு வருடம் ஆகியும் மறக்கவில்லை. பிடித்தவர்களின் குரல்கூட எனக்கு இவ்வளவு தெளிவாக ஞாபகம் இருப்பதில்லை. தவமணி போய் நான்கு வருடம்தான் ஆகிறது. அவள் குரலை வரவழைக்கச் சில நாள் நான் மெனக்கெட வேண்டியிருக்கிறது. அவர் குரல் மட்டும் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்துகொள்கிறது. "எந்த ஊரு உங்களுக்கு?" என்றார். சொன்னேன். "அட, செங்கழனி பக்கத்துலதானே? அங்க தவமணின்னு ஒரு டீச்சர் இருந்தாங்க. எனக்கு லெட்டர் போடுவாங்க. இப்ப ரெண்டு மூணு வருஷமா காணோம்." தவறிவிட்டார்கள் என்றேன். அவர் நாற்காலியில் என் பக்கம் திரும்பி உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு, "நீங்க அவங்களுக்கு?" என்றார். தெரிந்தவர் என்றேன். அப்படித்தான் சொன்னேன். முப்பத்தெட்டு வருடம் புருஷனாக இருந்தவன், தெரிந்தவர் என்றேன். "வீட்டுக்காரர் இருக்காரா?" "இருக்கார்." "நல்லா இருக்காரா?" "கண்ணுதான் கொஞ்சம் சரியில்லை." "அவரைப் பார்த்தா ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா..." என்று ஆரம்பித்தார். அதற்குள் அவர் பெயரைக் கூப்பிட்டு, கையைப் பிடித்து அழைத்துப் போய்விட்டார்கள். நான் கண்ணைத் திறந்தபோது கூசும் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைச் சட்டை கலங்கலாகத் தெரிந்தது. போன வெள்ளிக்கிழமை அவர் இறந்தார். பேப்பரில் மூன்று பத்தி போட்டிருந்தார்கள். அதில் ஒரு பத்தி செங்கழனிப் பாலம்.

நேற்று அவர் மகள் போன் செய்தாள். கோமதி என்று பெயர் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் விசாரித்து என் நம்பரைப் பிடித்தாளாம். "அப்பா ஒரு ஃபைல்ல டீச்சரம்மா லெட்டரை எல்லாம் தனியா வச்சிருக்கார் சார். பதினொண்ணு இருக்கு. அப்பாவோட புஸ்தகம், பேப்பர் எல்லாத்தையும் சட்டக் கல்லூரிக்குக் கொடுக்கிறோம். நாளைக்குப் பதினோரு மணிக்கு வண்டி வருது. இது உங்க குடும்ப விஷயமா இருக்கலாம். வேணும்னா எடுத்து வைக்கிறேன். யோசிச்சுச் சொல்லுங்க." யோசிக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். பதினொன்று. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், பாலம் கேட்டு எழுதிய அந்த முதல் அஞ்சலட்டை. மீதிப் பத்தையும் எப்போது எழுதினாள், சாப்பாட்டுக்குப் பிறகு விடைத்தாள் திருத்துகிறேன் என்று உட்காருவாளே, அப்போதா? என்னைப் பற்றி எழுதியிருப்பாளா? எழுதாமல் இருப்பாளா? ஒரு மனிதனுக்குப் பதினொரு கடிதம் எழுதுகிறவள் வீட்டில் இருக்கிறவனைப் பற்றி ஒரு வரியாவது எழுதாமல் முடியுமா? போன வருடம் இங்கிருந்து வீட்டுக்குப் போன அன்றே பீரோவைக் கலைத்துப் பார்த்தேன், அவர் பதில் எழுதியிருப்பார் என்று. கண்ணில் மருந்தின் கூச்சம் இன்னும் போகவில்லை, தடவித் தடவித்தான் தேடினேன். அவளுடைய பணிப்பதிவேட்டின் நகல், உடைந்த கைக்கடிகாரம், யாரோ பிள்ளை வரைந்து கொடுத்த மயில் இருந்தன. கடிதம் ஒன்றுகூட இல்லை. இல்லாததும் சந்தேகத்தைத்தான் கூட்டியது. இடது பக்கம் ஒரு அம்மாள் இருமுகிறாள். "தம்பி, உங்களுக்கு எந்தக் கண்ணு?" என்கிறாள். இரண்டும் என்கிறேன். "எனக்கு வலது மட்டும். ஆனா ரெண்டையும் மூடிக்கச் சொல்லுறாளுக. ஒண்ணு வேலை செஞ்சா இன்னொண்ணு சும்மா இருக்காதாம்." தம்பி என்கிறாளே. எனக்கு எழுபத்தொன்று. கண்ணை மூடியிருப்பதால் குரலை வைத்து வயது போடுகிறாள் போல.

அந்த அஞ்சலட்டையில் பத்தியே கிடையாது. அதுதான் என் முதல் சங்கடம். நான் மாவட்ட அலுவலகத்தில் பாலம், சாலைக் கோப்புகளைப் பார்க்கும் பிரிவில் உதவியாளனாக இருந்தேன். பத்தாவது பாஸ், ஆவணக் காப்பறையில் கட்டுத் தூக்கச் சேர்ந்தவன், இரவல் புத்தகங்களைப் படித்துப் பரீட்சை எழுதி அந்த நாற்காலிக்கு வந்தேன். நீதிமன்றத்தில் அரசு மீது ஒரு மனு வந்தால் அதன் ஒவ்வொரு பத்திக்கும் எங்கள் பக்கத்துப் பதிலைக் குறித்து அரசு வழக்கறிஞருக்கு அனுப்ப வேண்டும். பத்திவாரிக் குறிப்புரை என்று பெயர். அன்றைக்குக் கட்டோடு வந்தது ஒரு அஞ்சலட்டையின் ஜெராக்ஸ். ஒரு ஆசிரியை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி அழகியநம்பிக்கு எழுதியதாம். நீதிபதி அதையே ரிட் மனுவாக எடுத்துக்கொண்டாராம். செங்கழனி வாய்க்காலைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பனந்தடி மேல் கடக்கிறார்கள், மழைக்காலத்தில் தடி வழுக்குகிறது, ஆறாம் வகுப்புச் செல்லக்கிளி விழுந்து கை முறிந்ததிலிருந்து அவளும் அவளோடு வரும் நான்கு பெண்களும் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். பதினைந்து வரி இருக்கும். முதல் வரியைப் படிக்கும்போதே தெரிந்துவிட்டது. தவமணி 'ழ'வுக்கு வாலைக் கீழே நீட்டி இடது பக்கம் வளைப்பாள். எங்கள் வீட்டுப் பால் நோட்டிலும் அந்த வால்தான். நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எதிர் மேஜைத் தலைமை எழுத்தர் செம்பியன், "என்னய்யா, பேயறைஞ்ச மாதிரி? யாரு மனுதாரர், உங்க சொந்தமா?" என்று கேட்டார். நான் சிரித்தேன். அப்போதே, ஆமாம் சார், என் மனைவி, கோப்பை வேறு ஆளிடம் கொடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அதுதான் ஒழுங்கு. சொல்லவில்லை. பென்சிலை எடுத்து அந்தப் பதினைந்து வரியில் கோடு போட்டு ஏழு பத்தியாகப் பிரித்தேன்.

அதற்கு முன் நான்கு வருடமாக அவள் என்னிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். அதை நினைத்தால்தான் மனசு ஆறமாட்டேன் என்கிறது. சோறு போடும்போது கேட்பாள், பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்பாள். "அந்தப் பாலம் என்னாச்சுங்க?" நடவடிக்கையில் இருக்கிறது என்பேன். "நடவடிக்கைன்னா நடக்கணும்ல? உங்க ஆபீஸ்ல மட்டும் அது உட்கார்ந்தே இருக்கே." நானும் சிரிப்பேன். மதிப்பீடு போக வேண்டும், நிதி ஒதுக்கீடு வர வேண்டும், சட்டமன்றம் பணத்துக்கு ஒப்புதல் தர வேண்டும், அதற்குப் பிறகுதான் ஒப்பந்தப்புள்ளி என்று விளக்குவேன். அரசியலமைப்புச் சட்டத்தின் தமிழ் மொழிபெயர்ப்பை நடைபாதைக் கடையில் வாங்கி, அட்டை போட்டு, வரி வரியாகப் படித்தவன் நான். நீதித்துறையை ஆட்சித்துறையிலிருந்து பிரித்து வைக்க வேண்டும் என்று ஐம்பதாவது உறுப்பில் இருக்கிறது. அதை அவளுக்கு வாசித்தே காட்டியிருக்கிறேன். ஜட்ஜ் தீர்ப்புச் சொல்லலாம், பாலம் கட்டக்கூடாது. பாலம் கட்டுவதற்கு ஆள் இருக்கிறார்கள், அவர்கள் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள், ஜட்ஜை யாரும் ஓட்டுப் போட்டு இறக்க முடியாது. இன்றைக்கும் நான் அப்படித்தான் நினைக்கிறேன். நினைப்பில் தப்பு இல்லை. ஆனால் அந்த நினைப்புக்கு அடியில் வேறொன்று கிடந்தது. நான்கு வருடம் என்னிடம் கேட்டதை அவள் கால் பக்கத்து அட்டையில் இன்னொருவரிடம் கேட்டாள். அவர் பதினெட்டாம் நாள் எடுத்துக்கொண்டார். என்னிடம் சொல்லாமல் போய்க் கேட்டாள். ஒரு பெண்டாட்டி புருஷனிடம் கிடைக்காததை வெளியில் போய்க் கேட்டால் ஊரில் அதற்கு என்ன பெயர் சொல்வார்கள்? சீ, என்ன நினைப்பு இது. பாலத்தைத்தானே கேட்டாள். பாலம்தான். ஆனாலும்.

"கண்ணைத் திறக்காதீங்க தாத்தா, மேல பாருங்க," சிஸ்டர் இமையைத் தூக்குகிறாள். திறக்காமல் எப்படி மேலே பார்ப்பது என்று கேட்க நினைப்பதற்குள் சொட்டு விழுந்துவிட்டது. "மணி என்னம்மா?" "பத்தரை." இன்னும் அரை மணி. சட்டைப்பையில் போன் கனக்கிறது. வேண்டும் என்று சொன்னால் படிக்க வேண்டிவரும். வேண்டாம் என்றால் சட்டக் கல்லூரியில் எந்தப் பையனாவது பிரித்துப் படிப்பான். ஒரு குமாஸ்தாவின் பெண்டாட்டி தன் புருஷனைப் பற்றி ஒரு நீதிபதிக்கு எழுதியது. அடிக்குறிப்பாகப் போடுவான். எனக்குத் தெரியாததை அவன் தெரிந்துகொள்வான்.

அந்த ஏழு பத்திக்கும் நான் எழுதிய பதில் இப்போதும் மனப்பாடம். பத்தி ஒன்றில் கண்ட சங்கதிகள் மறுக்கப்படுகின்றன. பத்தி இரண்டில் கண்டவை ஆவணப்படி நிரூபிக்கப்பட வேண்டியவை. கடைசியில் எல்லாக் குறிப்புரையிலும் ஒரு வாசகம் வரும், எனக்கு முன்னால் இருந்தவர், அவருக்கு முன்னால் இருந்தவர் எல்லாரும் எழுதியது: 'மனுதாரர் கறைபடியாத கரங்களுடன் நீதிமன்றத்தை நாடி வரவில்லை.' கை தானாக எழுதியது. பழக்கம் என்றுதான் அன்று எனக்கே சொல்லிக்கொண்டேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன், அடிக்கவில்லை. அடித்திருக்கலாம். அரசு வழக்கறிஞர் அதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டுத் தாக்கல் செய்தார். விசாரணை அன்று கோப்பைத் தூக்கிக்கொண்டு நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவள் முன்னால் நின்றாள், சாம்பல் நிறச் சேலை, நேராகப் பள்ளிக்கூடத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள். காலையில் இரண்டு பேரும் ஒரே வீட்டிலிருந்து வேறு வேறு பஸ்ஸில் கிளம்பினோம். எங்கே போகிறோம் என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நீதிபதி அந்த வரியைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். தமிழில் கேட்டார்: "டீச்சரம்மா, உங்க கையில கறை இருக்குன்னு அரசாங்கம் சொல்லுது. கையைக் கொஞ்சம் காட்டுங்க." அவள் திகைக்கவே இல்லை. இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். "சாக்பீஸ் இருக்குங்க ஐயா. கழுவ நேரமில்லை, பஸ் வந்துருச்சு." நீதிமன்றம் முழுக்கச் சிரித்தது. அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். கழுத்தைப் பின்னால் சாய்த்து, பல் எல்லாம் தெரிய ஒரு சிரிப்பு. கல்யாணம் ஆகி இருபத்துநான்கு வருடத்தில் அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகும் பார்க்கவில்லை. செங்கழனியில் தொண்ணூறு நாளில் பாலம் கட்ட வேண்டும், கட்டியதாக அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும் என்று உத்தரவு போட்டார். நான் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் நியாயமான பதில் ஒன்று என் கையில் இருந்தது. அதை நினைத்தால்தான் உள்ளே எரிகிறது, இந்த மருந்தைவிட மோசமாக. எங்கள் பிரிவில் ஒரு பட்டியல் உண்டு, கட்ட வேண்டிய பாலங்கள் பதினான்கு, எங்கே கஷ்டம் அதிகமோ அது மேலே. செங்கழனி அதில் ஒன்பதாவது. முதலாவது மேலப்புதுக்காடு. நாற்பத்தொரு வீடு, மழை பெய்தால் ஓடை ஊரைத் துண்டாக்கிவிடும், பிரசவத்துக்குக் கட்டிலில் படுக்கவைத்து நாலு பேர் இடுப்பளவு தண்ணீரில் தூக்கி வருவார்கள். அந்த ஊரில் அஞ்சலட்டை எழுத டீச்சர் யாரும் இல்லை, பள்ளிக்கூடமே இல்லை. அந்த வருட நிதியில் ஒரு பாலம்தான் முடியும். செங்கழனிக்கு உத்தரவு வந்ததும் பணம், ஓவர்சியர், கம்பி, சிமெண்ட் எல்லாம் அங்கே திரும்பிவிட்டது. மேலப்புதுக்காட்டுக்குப் பாலம் வர அதற்குப் பிறகு ஏழு வருடம் ஆனது. பிரித்து வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்வது இதற்குத்தான், எழுதத் தெரிந்தவர்கள் எழுதாதவர்களைத் தாண்டிப் போய்விடக் கூடாது என்பதற்குத்தான் என்று நான் எழுதியிருக்க வேண்டும். ஏழு பத்தியும் வேண்டாம், இந்த ஒரு பத்தி போதும். எழுதவில்லை. பட்டியல் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் பதினான்கு வேலை தூங்குகிறது என்றும் ஒப்புக்கொண்டதாகும், மேலே இருப்பவர்கள் விடமாட்டார்கள் என்று அப்போது காரணம் வைத்திருந்தேன். உண்மை வேறு. அவளை எதிர்த்து எழுத உட்கார்ந்தபோது எனக்கு மேலப்புதுக்காடு ஞாபகமே வரவில்லை. அந்த அட்டையை எழுதிய அவள் கைதான் ஞாபகம் வந்தது.

அந்த ஊர் ஞாபகம் வந்தது தீர்ப்பு வந்த பிறகு, அடுக்களையில், அதுவும் சண்டைக்கு. தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். "உன் ஜட்ஜ் பெரிய தர்மராஜாதான்" என்று ஆரம்பித்தேன். "என் ஜட்ஜா? நானா பெத்துவிட்டேன்?" "உன் பாலத்துக்காக மேலப்புதுக்காட்டுக்காரன் இன்னும் எத்தனை வருஷம் கட்டில் தூக்குவானோ." அவள் தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள். "என்ன சொல்றீங்க?" பட்டியலைச் சொன்னேன். குரலை உயர்த்தித்தான் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். தோசை கருகியது. "இதை ஏன் நீங்க கோர்ட்ல எழுதலை?" என்று கேட்டாள். கத்தவில்லை, சும்மா கேட்டாள், வகுப்பில் ஒரு பையனைக் கேட்பது போல. "கறை, கரம்னு எழுதத் தெரிஞ்சுது," என்றாள். நான்தான் எழுதினேன் என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை கேட்கவில்லை. கருகிய தோசையைத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு பதினான்கு வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தோம். பால் கணக்கு, பையன் கல்யாணம், அவள் முழங்கால் வலி, எல்லாம் பேசினோம். பாலத்தைப் பற்றிப் பேசவில்லை. நான் சொன்னது சரியா தப்பா என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்காதவன் போல இருந்தேன். மேலப்புதுக்காட்டுப் பாலம் திறந்த அன்று வீட்டுக்கு வந்து சொன்னேன். "நல்லது," என்றாள். அவ்வளவுதான். அந்தப் பத்துக் கடிதத்தில் என்ன இருக்கும்? கறை எழுதியவன் என் வீட்டுக்காரன்தான் ஐயா என்று எழுதியிருப்பாளா? அதைத்தான் அவர் அன்று சொல்ல வந்தாரா?

போன் அடிக்கிறது. பச்சைப் பொத்தான் இடது பக்கம், அது கைக்குத் தெரியும். "சார், கோமதி. வண்டி வந்துருச்சு, அதான்..." கண்ணில் மருந்து விட்டிருக்கிறார்கள், என்னால் எதுவும் படிக்க முடியாது என்கிறேன். எதற்காக அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. "ஐயோ, அப்பாவுக்கும் அப்படித்தான், ரெண்டு நாள் கூசும்," என்கிறாள். பிறகு நானே கேட்கிறேன்: "அம்மா, பாலத்துக்கு அப்புறம் முதல்ல எழுதினது இருக்கும். அதை மட்டும் படிங்க." காகிதம் சரசரக்கிறது. பக்கத்து அம்மாள் இருமலை நிறுத்திவிட்டாள். கோமதி வாசிக்கிறாள், நிறுத்தி நிறுத்தி, அந்நியக் கையெழுத்தைப் படிக்கும் தயக்கத்தோடு: "மதிப்பிற்குரிய ஐயா, பாலம் நன்றாக இருக்கிறது. செல்லக்கிளி வருகிறாள். ஒன்று சொல்ல வேண்டும். பட்டியலில் எங்கள் பாலம் ஒன்பதாவதாம். முதலில் மேலப்புதுக்காடு என்ற ஊர். அவர்களை நாங்கள் தாண்டிவிட்டோம். அவர்கள் உங்களுக்கு எழுதவில்லை, எழுத ஆள் இல்லை. இதை என் வீட்டுக்காரர் சொன்னார். கோபத்தில்தான் சொன்னார், ஆனால் அவர் சொல்வது சரி. அவர் இதை உங்களிடம் எழுதியிருக்க வேண்டும். எழுதமாட்டார். அதனால் நான் எழுதுகிறேன்." கோமதி நிறுத்துகிறாள். "ஓரத்துல அப்பா சிவப்பு மையில எழுதியிருக்கார் சார். 'சரிதான். கேட்டிருக்க வேண்டும்' அப்படின்னு. மத்த லெட்டர்லயும் மேலப்புதுக்காடுதான் வருது. இந்த வருஷமும் வரலை, இந்த வருஷமும் வரலைன்னு, வந்த பிறகு அந்தப் பாலம் எப்படி இருக்குன்னு. அப்பா பதில் போட்டதில்லை. கேஸ் நடத்தினவங்களுக்குப் பதில் போடக்கூடாதுன்னு ஒரு பிடிவாதம். ரிட்டையர் ஆன பிறகும் போடலை."

அவர் சொல்வது சரி. அப்படி எழுதியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை, அவரிடம் சொல்லியிருக்கிறாள். பதில் வராது என்று தெரிந்தும் வருடா வருடம் அவரிடமே சொல்லியிருக்கிறாள். நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். நாலு எட்டு நடந்து வந்து, நீங்க அன்னைக்குச் சொன்னது சரிதாங்க என்று சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? எனக்குச் சேர வேண்டிய வார்த்தை, பதினெட்டு வருடமாக இன்னொருவர் வீட்டு ஃபைலில் இருந்திருக்கிறது. செத்த மனிதர் மேல் இப்படி ஒரு ஆத்திரம் வருமா? வருகிறது. அவள் சொன்னதை அவர் ஒப்புக்கொண்டாரே, அதுகூட ஆத்திரமாக இருக்கிறது. "சார், லைன்ல இருக்கீங்களா? எடுத்து வைக்கட்டுமா?" என்கிறாள் கோமதி. கல்லூரிக்கே கொடுத்துவிடுங்கள் என்கிறேன். அவருக்கு எழுதியது, அவர் சாமான்களோடு போவதுதான் முறை. "இப்ப படிச்சீங்களே, அதை மட்டும் அந்தத் தீர்ப்போட சேர்த்துக் கட்டச் சொல்லுங்கம்மா. தீர்ப்பைப் படிக்கிறவங்க அதையும் படிக்கட்டும்." "கண்டிப்பா சார். உங்க பேர் போடட்டுமா? லெட்டர்ல எங்கேயும் வீட்டுக்காரர்னுதான் இருக்கு." வேண்டாம் என்கிறேன். போனை அணைக்கிறேன். "யாரு, மருமகளா?" என்கிறாள் பக்கத்து அம்மாள். "இல்லை." "அழுவுறீங்களா தம்பி?" "மருந்து." "அதான பார்த்தேன். எனக்கும்தான் ஊத்துது."

கடிதங்கள் அன்றைக்கே கல்லூரிக்குப் போய்விட்டன. எட்டு அஞ்சலட்டை, மூன்று உள்நாட்டுக் கடிதம், பதினொன்றும் அவர் பெயருக்கு. என் பெயருக்குத் தவமணி எழுதிய கடிதம் ஒன்றும் இல்லை. முப்பத்தெட்டு வருடமும் நாங்கள் ஒரே வீட்டில் இருந்தோம்.